கென்யாவில பிள்ளைகள் இல்லத்துக்கு மிஷன் வொலன்டியரா போக கேக்கிறாங்க, போன ஆக்கள் இருந்தா சொல்லுங்க

காலிவீதி_100 எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தை, வயசு 26, ஒரு கொம்பனில எக்கவுண்ட்ஸ் வேலை, சேர்ச்ல ஏழு வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கிறன். போன மாசம் எங்கட சேர்ச்சுக்கு ஒரு மிஷன் குழு வந்து கென்யாவில இருக்கிற ஒரு அநாதைப் பிள்ளைகள் இல்லத்தைப் பற்றி வீடியோ போட்டுக் காட்டினாங்க, நைரோபிக்குக் கொஞ்சம் வெளிய, நாப்பது பிள்ளைகள் மட்டும், சின்னதுகள், கையை நீட்டிக்கொண்டு ஓடி வருதுகள். பார்த்த நேரத்தில இருந்து எனக்கு நித்திரை இல்ல எண்டே சொல்லலாம். கர்த்தர் கூப்பிடுறார் எண்டு எனக்கு உள்ளுக்க ஒரு உறுதி இருக்கு, அதை இங்க விவாதிக்க வரேல்ல.

பிரச்சினை என்னெண்டா மூண்டு மாசம். ஒபிஸ்ல சம்பளம் இல்லாத லீவு தரலாம் எண்டு சொல்லிட்டாங்க. டிக்கட், இன்ஷூரன்ஸ், அந்த இல்லத்துக்கு கிழமைக்கு கிழமை கட்டுற காசு எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட ஆறு லட்சம் வருது. வாலிபர் ஐக்கியம் ரோல்ஸ், பட்டிஸ் வித்து ஒரு பகுதி சேர்த்துத் தாறம் எண்டு சொல்றாங்க, மிச்சம் என்ட சேமிப்பு. அம்மா ஒரே பிடியா நிக்கிறா, "இஞ்ச இல்லாத பிள்ளையளா, ஆபிரிக்காவுக்குப் போய்த்தான் தூக்கோணுமா" எண்டு. அப்பா ஒண்டும் சொல்றேல்ல, அது இன்னும் பயம்.

அங்க போய் நான் என்ன செய்வன் எண்டு கேட்டதுக்கு "லவ் த கிட்ஸ், விளையாடுங்க, பைபிள் கதை சொல்லுங்க, இங்கிலிஷ் சொல்லிக்குடுங்க" எண்டாங்க. அவ்வளவுதான் ட்ரெயினிங். இது வழமையா இப்பிடித்தானா? போனவங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க. சாப்பாடு, ஊசி, விசா, பாதுகாப்பு எதுவெண்டாலும் பரவாயில்ல.

-----

பழைய_வாத்தி எழுதினது:

மகள், முதல்ல உங்கட மனசுக்கு நன்றி சொல்லவேணும். இந்தக் காலத்தில கனடாவுக்குப் போக ஆறு லட்சம் தேடுற பிள்ளையளைத்தான் நான் கண்டிருக்கிறன்.

நான் பாளையங்கோட்டையில படிக்கிற காலத்தில ஒருக்கா டோனாவூருக்குப் போனனான். அங்க பிள்ளையள் இல்லம் நடத்தின அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் இந்தியாவுக்கு வந்தது 1895இல, தேவதாசியாக்க வைச்சிருந்த கோயில்ல இருந்து தப்பி வந்த முதல் பெண்பிள்ளையை ஏத்துக்கொண்டது 1901இல, அதுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேல பிள்ளையள். 1951இல அங்கயே கண்ணை மூடினவ. வந்த நாளில இருந்து ஒருக்காக்கூட அயர்லாந்துக்குத் திரும்பிப் போகேல்ல, கடைசி இருபது வருஷம் விழுந்து படுக்கையிலயும் அங்கதான். தமிழைப் படிச்சு, சேலை உடுத்து, பிள்ளையளுக்கு "அம்மை"யா இருந்தவ. அங்க வேலை செய்த மற்றவங்களையும் மிஸ் எண்டோ மேடம் எண்டோ கூப்பிடுறேல்ல. வெள்ளைக்காரப் பெண்கள் சித்தி, ஊர்ப் பெண்கள் அக்காள், ஆம்பிளையள் அண்ணாச்சி. அந்த மாதிரி அழைப்பு உங்களுக்கு இருந்தா அம்மா பேச்சைக் கேட்டு நிண்டிடாதீங்க. யாக்கோபு 1:27ஐ வாசிச்சு ஜெபம் பண்ணிப் போட்டு வெளிக்கிடுங்க.

-----

சுக்குமாவிக்கி எழுதினது:

தங்கச்சி, நான் போனனான். ரெண்டு தரம். முதல் தரம் உங்களை மாதிரித்தான் 23 வயசில ஆறு கிழமை, ரெண்டாம் தரம் வேற வேலையா வேற இடத்துக்கு ஒண்டரை வருஷம். வாத்தி சேர் கோவிக்கக்கூடாது, ஆனா நீங்க சொன்ன அந்த அம்மா 55 வருஷம் இருந்தவ, இந்தப் பிள்ளை போறது மூண்டு மாசம். ரெண்டும் ஒரே ஊழியம் இல்ல.

முதல் தரத்தைப் பற்றிச் சொல்றன். கேற்றுக்குள்ள வான் போன உடன பிள்ளையள் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுதுகள், ஒரு மூண்டு வயசுக் குஞ்சு என்ட கழுத்தை விடவே இல்ல, நான் அழுதுட்டன், இதுதான் அழைப்பு எண்டு நினைச்சன். சுவாஹிலில அக்காவுக்கு "டாடா" எண்டு சொல்றது, பிள்ளையள் நாள் முழுக்க டாடா டாடா எண்டு பின்னால வரும். எங்கட காதுக்கு அது போயிட்டு வாறன் சொல்ற டாட்டா மாதிரித்தானே கேக்கும், முதல் ரெண்டு நாளும் நான் சிரிச்சு சிரிச்சு கையைக் காட்டினனான். ஆறாம் கிழமை உண்மையா கை காட்டிட்டு வந்திட்டன். அடுத்த வான் அடுத்த திங்கக்கிழமை.

பிறகு ஒரு பிள்ளை மனநல டொக்டர் சொல்லித்தான் எனக்கு விளங்கிச்சு. உங்கட அக்காட மகனுக்கு மூண்டு வயசெண்டு வைப்பம், தெரியாத ஆள் வீட்டுக்கு வந்தா தாயிட சீலைக்குப் பின்னால ஒளிக்குமா, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்குமா? ஒளிக்கிறதுதான் சுகமான பிள்ளை. கண்ட ஆளையெல்லாம் கட்டிப்பிடிக்கிற பிள்ளை, ஆரும் நிரந்தரமா இல்லாததால எல்லாரிட்டயும் ஒட்டப் பாக்குது. நான் அன்பு எண்டு நினைச்ச அந்த விசயம் ஒரு காயம். நான் ஆறு கிழமை பாசம் காட்டிட்டு வந்தது அந்தக் காயத்தில இன்னொரு கீறல். வீடியோவில கையை நீட்டிக்கொண்டு ஓடி வருதுகள் எண்டு நீங்க எழுதினதை வாசிக்கேக்க எனக்கு வயித்துக்க என்னவோ செய்தது.

அடுத்தது "அநாதை" எண்ட சொல்லு. உலகம் முழுக்க இல்லங்களில இருக்கிற பிள்ளையள்ல அஞ்சில நாலு பேருக்குத் தாயோ தகப்பனோ ரெண்டு பேருமோ உயிரோட இருக்கினம் எண்டு சேவ் த சில்ட்ரன் எண்ட சிறுவர் அமைப்பு 2009இல அறிக்கை போட்டது. கென்யாவில 2020 மார்ச்சில கொரோனா வந்த உடன அரசாங்கம் இல்லங்களில இருக்கிற பிள்ளையளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. நான் அப்ப ரெண்டாம் தரம் போய் அங்க இருந்தனான். எங்களுக்குப் பக்கத்தில ஒரு இல்லம், போர்டில பெரிசா "ஓர்ஃபனேஜ்" எண்டு எழுதிக் கிடக்கு, ஒரு கிழமைக்குள்ள முக்காவாசி காலி. பாட்டிமார் மட்டாட்டு பஸ்ஸில வந்து கூட்டிக்கொண்டு போகினம், ஒரு மாமா சைக்கிள்ல வந்தவர். இவ்வளவு நாளும் இவையள் எங்க இருந்தவை எண்டு கேட்டா, அங்கதான், மூண்டாவது சந்தி தள்ளி. பள்ளிக்கூடக் காசு கட்ட ஏலாம விட்டது. இல்லத்தில சேர்த்தா படிப்பு ஃப்ரீ, வெள்ளைக்காரர் சப்பாத்து குடுப்பினம்.

கென்யா அரசாங்கம் 2017இலயே புது இல்லம் பதியிறதை நிப்பாட்டிட்டுது. 2022இல இருந்து பத்து வருஷத் திட்டம் ஒண்டு போட்டு பிள்ளையளைக் குடும்பங்களுக்குத் திருப்பிற வேலை நடக்குது. நாடு இல்லங்களைக் குறைக்கப் பாக்குது, நாங்கள் ரோல்ஸ் வித்து இல்லத்துக்கு ஆள் அனுப்புறம். கிழமைக்கு கிழமை நீங்க கட்டுற காசு ஆற்ற பொக்கட்டுக்குப் போகுதெண்டு ஒருக்கா கேளுங்க. வொலன்டியர் காசு வருமானம் எண்டா, அந்த வருமானத்துக்குப் பிள்ளையள் உள்ளுக்க இருந்தே ஆகோணும்.

ரெண்டாம் தரம் நான் போனது ஃபிசியோவா. ஏலாத பிள்ளையளை வீட்டில வைச்சுப் பாக்கிற தாய்மாருக்கு எப்பிடித் தூக்கிறது, எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறது எண்டு பழக்கிறது. பிள்ளையைத் தூக்கினது குறைவு, தாயோட கதைச்சது கூட. படம் எடுக்கிறதுக்கு ஒண்டுமே இல்ல, சேர்ச்ல வந்து காட்ட வீடியோவும் இல்ல, அதாலதான் இரண்டாம் தரத்துக்கு காசு சேர்க்க நான் பட்ட பாடு.

உங்களுக்கு எக்கவுண்ட்ஸ் தெரியும். அது பெரிய விசயம். அங்க இருக்கிற ஒரு உள்ளூர் சேர்ச்சுக்கு கணக்குப் புத்தகம் எழுதப் பழக்கினா, அது நீங்க வந்த பிறகும் நிக்கும்.

-----

கொட்டாஞ்சேனை_டிக்கட் எழுதினது:

நான் ஒரு ட்ரெவல் ஏஜென்சில வேலை பாக்குறேன், ஊழியம் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், பேப்பர் வேலைய மட்டும் சொல்றேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போடுங்க. கென்யால எறங்க இல்ல, திரும்பி கட்டுநாயக்கால எறங்கத்தான். அந்தக் காய்ச்சல் இருக்குற நாடுகள்ல இருந்து வர்றவங்ககிட்ட இங்க ஊசி போட்ட கார்ட் கேப்பாங்க. பொரளை எம்.ஆர்.ஐ.ல (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) போடலாம், போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் கார்ட் செல்லும், அதனால போற கெழமை ஓடாதீங்க. ஒருக்கா போட்டா ஆயுசுக்கும் போதும். மலேரியாவுக்கு நாரஹேன்பிட்டில மலேரியா தடுப்பு இயக்கத்துல மாத்திரை ஃப்ரீயா குடுக்குறாங்க. நம்ம நாட்டுல மலேரியா இல்லன்னு உலக சுகாதார அமைப்பு 2016ல சர்டிபிகேட் குடுத்துருச்சு, அதனால திரும்பி வந்து காய்ச்சல் வந்தா இங்க டொக்டருக்கு சட்டுன்னு அது நெனப்புக்கு வராது, ஆபிரிக்கா போய்ட்டு வந்தேன்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லணும்.

விசா விசயம்தான் முக்கியம். 2024 ஜனவரில இருந்து கென்யாவுக்கு விசா கெடையாது, ஒன்லைன்ல ஈ.டி.ஏ.ன்னு ஒரு பயண அனுமதி எடுத்தா போதும். ஆனா அது சுத்திப் பாக்குறவங்களுக்கு. மிஷன் வேலை, தர்ம வேலைக்குன்னு "கிளாஸ் ஐ" பெர்மிட்னு தனியா இருக்கு. சம்பளம் இல்லன்னாலும் வேலை வேலைதான். உங்க குழு "டூரிஸ்ட்டா போயிருங்க, ஏர்போட்ல கேட்டா சஃபாரின்னு சொல்லுங்க"ன்னு சொல்லிச்சுன்னா... ஊழியத்த பொய்யோட ஆரம்பிக்கணுமான்னு நீங்களே யோசிங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு சொல்லிட்டேன், மன்னிக்கணும்.

ஸ்வெட்டர் எடுத்துட்டு போங்க. நைரோபி ஒசரமான எடம், ஜூலைல நம்ம நுவரெலியா மாதிரி.

-----

வாவிக்கரை எழுதினது:

வழமையா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதிறல்ல. இதுக்கு எழுதாம இருக்க ஏலாமப் போச்சு.

நான் இல்லத்தில வளந்தவன். மட்டக்களப்புப் பக்கம், எந்த இல்லம் எண்டு சொல்லமாட்டன், நல்ல மனிசரும் இருந்தாங்க. சுனாமில அப்பா போயிட்டார், எனக்கு அப்ப ஏழு வயசு. அம்மா என்னையும் தங்கச்சியையும் அங்க விட்டுப்போட்டு குவைத்துக்குப் போனா, வீட்டு வேலைக்கு. அம்மா இரிக்கிறா. மாசம் ஒருக்கா ஃபோன் எடுப்பா, ஒபிஸ் ஃபோனுக்கு, வரிசையில நிண்டு ரெண்டு நிமிசம் கதைப்பம். ஆனா வெளிநாட்டு ஆக்கள் வந்தா எங்களை "சுனாமி ஓர்ஃபன்ஸ்" எண்டுதான் காட்டுவாங்க. ஒருக்கா நான் ஒரு வெள்ளைக்கார மாமாட்ட "மை மதர் குவைத்" எண்டு சொல்லிப்போட்டன், அண்டு ராவு பெரிய சேர் கூப்பிட்டு அடிக்கல்ல, ஏசவும் இல்ல, "மனே, அப்பிடிச் சொன்னா அவங்களுக்கு விளங்காது" எண்டு மட்டும் சொன்னார். அதில இருந்து நான் சொல்றல்ல. ஏழு வயசில அம்மாவ மறைக்கப் பழகினவன் நான்.

ஸ்பொன்சருக்குக் காயிதம் எழுதிறது தெரியுமா? ரீச்சர் போர்டில எழுதுவா, "டியர் அங்கிள், ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ ஃபோர் த பேக்." நாங்க நாப்பது பேரும் பாத்து எழுதுவம். தங்கச்சிக்கு பேக் கிடைக்கல்ல, அவளும் பேக்குக்கு தேங்க் யூ எழுதினா.

வொலன்டியர் அக்காமார் வருவாங்க. நிறையப் பேர். நல்லவங்க, பொய் சொல்லல்ல. வாற நாள் வெல்கம் டான்ஸ், போற நாள் பாட்டு. ஸ்கூல் நாளெண்டாலும் டான்ஸ் ப்ரக்டிஸ்தான் முந்தி. ஒரு அக்கா, டென்மார்க்கோ என்னவோ, எனக்கு சைக்கிள் ஓடப் பழக்கினா. போகக்குள்ள "ஐ வில் கம் பேக்" எண்டா. நான் அவட பேர ஒரு கொப்பில எழுதி வெச்சிருந்தன். அடுத்த வருசம் வான் வரக்குள்ள அவ இறங்குவா எண்டு பாத்தன். அதுக்கடுத்த வருசமும் பாத்தன். பிறகு யார் பேரையும் எழுதல்ல, கேட்கவும் இல்ல, எல்லா அக்காவும் "அக்கா"தான். சிஸ்டர், உங்கள நோகடிக்க எழுதல்ல இது. அவ கெட்டவ இல்ல. அவக்கு அது ஒரு லீவு, எனக்கு அது ஒரு வருசம்.

எங்கள வளத்தது ஆரெண்டு கேட்டா, குசினியில வேலை செய்த ஒரு மாமி. அவக்கு ஒரு படமும் எடுக்கல்ல ஒருத்தரும். அவக்கு மாசம் குடுத்த சம்பளம் பொறகு எனக்குத் தெரிய வந்தது, ஒரு வொலன்டியர்ட ஒரு கிழமைக் காசு கூட வராது. அம்மா அனுப்பின காசோட அந்த மாதிரி ஒரு உதவி எங்கட அம்மம்மாக்கு ஊரிலயே கிடைச்சிருந்தா நாங்க ரெண்டு பேரும் வீட்டிலயே வளந்திருப்பம். வறுமை மட்டும் காரணமா வெச்சுப் பிள்ளையக் குடும்பத்தில இருந்து பிரிக்கப்படாது எண்டு ஐ.நா. 2009இல வழிகாட்டி போட்டிரிக்கு. அது எனக்குத் தெரிய வந்தது இருபத்திமூண்டு வயசில, இங்க கொழும்பில ஒரு வேலைக்கு வந்த பொறகு.

போறதெண்டா போங்க. ஆனா சின்னப் பிள்ளைக்கிட்ட "திரும்பி வாறன்" எண்டு மட்டும் சொல்லாதீங்க.

-----

பழைய_வாத்தி எழுதினது:

தம்பி, வாசிச்சுப் போட்டு கொஞ்ச நேரம் எழும்பி வெளிய போய் நிண்டனான்.

நான் டோனாவூரைச் சொன்னன், சுக்குமாவிக்கி பிள்ளை சொன்னது சரி, அது வேற கணக்கு. ஜோர்ஜ் முல்லரையும் எங்கட பிரசங்கங்களில எடுத்து விடுறது வழக்கம், 1836இல இங்கிலாந்தில பிரிஸ்டல்ல அநாதை இல்லம் தொடங்கி பத்தாயிரம் பிள்ளையளைப் பராமரிச்சவர், ஒருத்தரிட்டயும் காசு கேக்காம. ஆனா அவர் பிள்ளையைச் சேர்க்கிறதுக்கு வைச்ச நிபந்தனையை ஒருத்தரும் பிரசங்கத்தில சொல்றேல்ல: தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் செத்திருக்கவேணும். குவைத்தில தாய் இருக்கிற பிள்ளைக்கு அவரிட்ட இடம் இல்ல.

ஸ்பொன்சர் காயிதம் எண்டதும் யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. அமெரிக்கன் மிஷன்காரர் 1816இல வந்து போடிங் பள்ளிக்கூடம் வைச்ச காலத்தில, அங்க இருந்து காசு அனுப்பினவையின்ர பேரையே இங்க பிள்ளையளுக்கு வைச்சவை. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை எல்லாம் அப்பிடி வந்த பேர்தான். படிப்பைக் குறை சொல்லேல்ல, பெரிய படிப்பு. எண்டாலும் அது ஆரோ கட்டின காசின்ர பேர்.

மகள், யாக்கோபு 1:27ஐ வாசியுங்க எண்டு சொன்னது நான்தான். இப்ப நானே திருப்பி வாசிச்சன். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்" எண்டு ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் இருக்கு, பிள்ளையை மட்டும் பிரிச்சு எடுக்கேல்ல. பிறகு "விசாரிக்கிறது" எண்டு இருக்கு. எங்கட ஊரில ஒரு பிள்ளையை விசாரிக்கிறதெண்டா கிழவியள் முதல்ல என்ன கேப்பினம்? "நீ ஆற்ற பிள்ளை?" அந்த ஒரு கேள்வியை அந்த இல்லத்திட்ட கேளுங்க, நாப்பது பிள்ளைக்கும்.

-----

சந்தேகப்பேர்வழி எழுதினது:

எல்லாரும் இப்பிடி ஓடிப்போய் பயம் காட்டினா அங்க இப்ப பசியில இருக்கிற பிள்ளைக்கு ஆர் சோறு குடுக்கிறது? உண்மையிலயே ஒருத்தரும் இல்லாத பிள்ளையும் இருக்குத்தானே. எல்லா இல்லமும் கள்ளரும் இல்ல.

-----

சுக்குமாவிக்கி எழுதினது:

இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்ல. எயிட்ஸ் காலத்தில ஊர் ஊரா தாய் தகப்பன் போன நாடு அது. ஆனா அங்கயும் கூடுதலான பிள்ளையளைப் பாட்டிமார்தான் வளத்தவை, இல்லம் இல்ல. ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மாறுற அக்கா இன்னும் மோசம். அந்தப் பிள்ளைக்கு வேணும் எண்டது மாறாத ஒரு ஆள், அதே ஊர், அதே பாஷை. அந்த ஆளுக்குச் சம்பளம் குடுக்க ஆறு லட்சம் எத்தனை மாசம் காணும் எண்டு எக்கவுண்ட்ஸ் தங்கச்சியே கணக்குப் பாக்கட்டும்.

எண்பதுகளில எங்கட நாட்டில இருந்தே ஆயிரக்கணக்கில குழந்தையள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனது, அதில எத்தனையோ பேருக்குப் பொய்ப் பத்திரம், அதுகள் இப்ப வளந்து தாயைத் தேடி இங்க வருதுகள். எடுத்துக்கொண்டு போனவையும் நல்ல மனசோடதான் எடுத்தவை. நாங்கள் அந்தப் பக்கம் நிண்டு பாத்த சனம், எங்களுக்கு இது தெரிஞ்சிருக்கோணும்.

இன்னொண்டு. பொலிஸ் ரிப்போட் கேட்டாங்களா உங்களிட்ட? ஆர் எண்டே தெரியாத ஆக்களைச் சின்னப் பிள்ளையளோட படுக்க விடுற இடம் எண்டா, உங்களுக்கு முதல் ஆர் வந்து போனவன் எண்டு யோசியுங்க.

-----

காலிவீதி_100 எழுதினது:

எல்லாத்தையும் வாசிச்சன், அம்மாக்கும் வாசிச்சுக் காட்டினன். வாவிக்கரை அண்ணா எழுதினதை வாசிக்கேக்க அம்மா கிரைண்டரை நிப்பாட்டிட்டா.

பொலிஸ் ரிப்போட் கேக்கேல்ல. பாஸ்போட் கொப்பியும் ஒரு சிரிச்ச படமும்தான் கேட்டவங்க.

நேற்று நைட் அந்தக் குழுவுக்கு ஈமெயில் போட்டன். நாலு கேள்வி: நாப்பது பிள்ளையில எத்தனை பேருக்குத் தாய் தகப்பன் இல்லாட்டி பாட்டி மாமா இருக்கினம், போன வருஷம் எத்தனை பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போனது, நான் கட்டுற காசில அங்க வேலை செய்யிற அம்மாமாருக்கு எவ்வளவு போகுது, பிள்ளையளோட இல்லாம கணக்குப் பக்கம் வேலை செய்ய வரலாமா. நல்ல மரியாதையா, வசனத்தோடதான் எழுதினன். பாஸ்டருக்கும் கொப்பி போட்டன், அவர் வட்ஸ்அப்ல "நல்ல கேள்விகள், நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன்" எண்டு போட்டிருக்கிறார், அதுக்கு என்ன அர்த்தம் எண்டு தெரியேல்ல.

வாவிக்கரை அண்ணா, கேக்கலாமோ தெரியேல்ல, உங்கட அம்மா?

-----

வாவிக்கரை எழுதினது:

பதினொரு வருசம் நிண்டுட்டு வந்தா. இப்ப வத்தளையில என்னோடதான். முதல் ஒரு வருசம் நாங்க ரெண்டு பேரும் வெளியாக்கள் மாதிரி "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன்" எண்டுதான். இப்ப நல்லா ஏசுறா.

-----

காலிவீதி_100 எழுதினது:

அப்டேட்: பதில் வந்திட்டுது. நாலு கேள்வியைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல. டீசேர்ட் சைஸ் கேட்டு ஒரு ஃபோம் அனுப்பியிருக்கிறாங்க.